ஏழு பொன்னாடைகளும் உறைக்குள் போன டிரம்பெட்டும்

போன ஞாயிறு ஒரகடம் போய் வந்தேன். நாலு நாளாகியும் கோபம் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஊர் ஊராக ஜாஸ் கேட்கப் போகிற கிறுக்கு எனக்கு உண்டென்று இங்கே வாசிப்பவர்களுக்குத் தெரியும். இந்த முறை சென்னையின் ஒரு இசைச் சங்கம் கூப்பிட்டிருந்தது. தொழிற்பேட்டைக்காரர்களுக்கு ஜாஸை அறிமுகப்படுத்துகிறோம், அதன் வரலாற்றைப் பதினைந்து நிமிடம் பேசுங்கள் என்றார்கள்.

குன்றத்தூரில் பன்னிரண்டே முக்காலுக்குப் பஸ் ஏறினேன். ஸ்ரீபெரும்புதூர் வர ஐம்பது நிமிடம், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். அங்கிருந்து வல்லம் வடகால் வழியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம், ஷேர் ஆட்டோவில் நாற்பது ரூபாய். டிரைவர் என் லேப்டாப் பையைப் பார்த்தார். "இன்னா சார், இன்டர்வியூவா?"

ஜாஸ் கச்சேரி என்றேன்.

"இங்க அவனவன் ஷிப்ட் முட்ச்சிட்டு தூங்கவே டைம் இல்லாம கீறான். யாரு சார் வரப்போறாங்க?"

வருவார்கள், பாருங்கள் என்றேன், ஏதோ நானே அழைத்து வந்ததுபோல.

வந்தார்கள், ஐயா! இரண்டே முக்காலுக்கெல்லாம் மண்டபத்தில் இருபத்துமூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு ஹாஸ்டலில் தங்கி, கம்பெனி லைனில் நின்று வேலை செய்பவர்கள். துணி துவைக்கவும் தூங்கவும் இருக்கிற ஒரே நாளை விட்டுவிட்டு வேனில் வந்திருந்தார்கள். கூட்டி வந்தவள் எஸ்தர். நாசரேத் பக்கத்துப் பெண், சர்ச் பேண்டில் டிரம்பெட் வாசித்து வளர்ந்தவள். ஹாஸ்டலில் சத்தம் கேட்கக்கூடாதென்று டிரம்பெட்டின் வாயில் துண்டைத் திணித்து, மொட்டை மாடியில் மூன்று மாதம் பழகியிருக்கிறாள். சென்னை ஜாஸ் குழுவோடு ஒரு பாட்டு வாசிக்க அவளுக்கு எட்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அவளுடைய வேலை ஒப்பந்தம் இந்த வெள்ளியோடு முடிகிறது. பிறகு ஊர்தான், அங்கே ஜாஸ் குழு ஏது?

"பின்னால டிரம்ஸ் அடிக்க நான் ஊதுனதே கெடையாதுண்ணே," என்றாள். "அஞ்சு மணிக்கு வேன் எடுத்துருவாவ. ஆறு மணி தாண்டுனா கேட்டப் பூட்டிருவாவ, எல்லார் வீட்டுக்கும் போன் போவும். அதுக்குள்ள முடிஞ்சிரும்லா?"

மூன்று மணிக்கே ஆரம்பிக்கிற நிகழ்ச்சிதானே, தாராளமாக முடியும் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

சிறப்பு விருந்தினர், ஒரு கம்பெனியின் பெரிய அதிகாரி, மூன்று ஐம்பதுக்கு வந்து இறங்கினார். அவர் வராமல் ஆரம்பிக்கக் கூடாதாம். குத்துவிளக்கு. வரவேற்புரை. ஏழு பேருக்குப் பொன்னாடை, ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ, போட்டோ சரியாக விழவில்லையென்று ஒருவருக்கு மட்டும் மறுபடி. யோவ், வாசிக்க வந்த பிள்ளை ஓரமாக நிற்கிறதே, கண் தெரியவில்லையா என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. ஏழாவது பொன்னாடை எனக்கு.

அப்புறம் நான் பேசினேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒத்துக்கொண்டவன் முப்பத்தைந்து நிமிடம் பேசினேன். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம், மூட்டை சுமந்தவர்கள், வீட்டு வேலை செய்தவர்கள், அவர்களுக்குக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் பிறந்த இசை இது, உங்களைப் போன்றவர்களின் இசை என்று உருகி உருகிச் சொன்னேன். பெண்கள் போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கவனிக்கவில்லையே என்று எனக்குக் கடுப்பு வேறு! எஸ்தர் மேடைப் படியில் நின்று, டிரம்பெட் ஆறிச் சுருதி இறங்கிவிடாமல் அதனுள் மெல்ல மூச்சை ஊதிக்கொண்டிருந்தாள்.

நான் இறங்கும்போது நாலே ஐம்பது. குழு மேடையேறி வயர் மாட்டியது. ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட். வெளியே வேன் ஹாரன் அடித்தது. இருபத்துமூன்று பேரும் எழுந்து எஸ்தரையே பார்த்தார்கள். அவள் ஒருமுறை டிரம்ஸைப் பார்த்துவிட்டு, டிரம்பெட்டை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"அஞ்சே நிமிஷம்மா, நான் டிரைவர்கிட்ட பேசறேன்," என்று ஓடினேன்.

"இந்த அஞ்சு நிமிஷத்த நீங்க நாலரைக்கே தந்திருக்கலாம்லாண்ணே," என்றாள். குரலை உயர்த்தவில்லை. எல்லாரும் வேன் ஏறினார்கள்.

குழு அருமையாக வாசித்தது, காலி நாற்காலிகளுக்கு. முதல் வரிசையில் பொன்னாடையோடு நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்து கை தட்டினோம். வெட்கங்கெட்ட கைதட்டல்.

இந்தப் பக்கம் இப்படி நிகழ்ச்சி வைக்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் வேன் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேளுங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கூடுதலாக அரைமணி போகும். ஞாயிறு மாலை பஸ்ஸை நம்பாதீர்கள், திரும்பும்போது நான் முக்கால் மணி நின்றேன். விளக்கு, பொன்னாடை, என்னைப் போன்ற வாயாடிகள் எல்லாம் கடைசியில். வாசிக்க வந்தவர் முதலில் வாசிக்கட்டும்.

நேற்று சங்கம் அறிக்கை அனுப்பியது. விழா இனிதே நடந்ததாம். "நேரமின்மையால் பெண் தொழிலாளி ஒருவர் வாசிக்க இயலவில்லை" என்று ஒரு வரி. பொய். நேரம் இருந்தது. அதில் இருபது நிமிடம் என்னிடம் இருந்தது. நாளை எஸ்தர் ஊருக்கு ரயில் ஏறுகிறாள்.