முன்கண்ணாடியில் ஒரு பொத்தான்

மிஷின்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தையல் மிஷின் பழுது பார்க்கிறவர். அவருடைய காரையும் தெரியும். இருபத்திரண்டு வயதான வண்டி, நாலு கதவுக்கும் நாலு குணம். முன்பக்க இடது கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும். பின்பக்க வலது கதவு உள்ளேயிருந்து திறக்கவே திறக்காது. பூட்டுவதென்றால் சாவியோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு கதவாகத் திருக வேண்டும். அந்த ஒரு சுற்றுக்குச் சோம்பல்பட்டு அவர் பூட்டாமல் போன நாட்களே அதிகம்.

போனால்தான் என்ன, வண்டிக்குள் எப்போதும் அவர் மனைவி இருப்பாரே என்பது அவர் நினைப்பு.

ஐந்து வருடத்துக்கு முன் அந்தம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. அதற்கு முன்பெல்லாம் அடுப்படியிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "ஏங்க" என்று சத்தம் வரும். இவர் போய் நின்றால், "சும்மாதான் கூப்பிட்டேன்" என்பார். "வேலை மெனக்கெட்டு வந்தா சும்மாவாம்!" என்று இவரும் சலித்துக்கொள்வார். ஆபரேஷனுக்குப் பிறகு சலித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போனது. சொல்ல வேண்டியதை அந்தம்மா ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டுவார்.

அந்தம்மாவின் தம்பி கேலிக்காரன். "அத்தான், ஊர்ல எத்தனை பேர் இந்த வரத்துக்கு ஏங்குறான் தெரியுமா?" என்பான். அக்கா நூல் உருளையை எடுத்து அவன் தலையைக் குறி பார்த்து எறிவார். குறி தப்பாது.

வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் அந்தம்மா வேலைக்குக் கூடவே வருவார். தையல் கூடத்துப் பஞ்சுத் தூசி தொண்டைக்கு ஆகாது. அதனால் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து பாபினில் நூல் சுற்றுவார். மிஷின் சரியானதும், வாயைத் துணியால் மூடிக்கொண்டு இரண்டே நிமிஷம் உள்ளே போய், ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பார்ப்பார். அவர் தலையாட்டினால்தான் அந்த வேலை முடிந்தது.

மூன்று வாரத்துக்கு முன் அது நடந்தது. மாடியில் நாற்பது மிஷின் ஓடும் தையல் கூடத்தின் வாசலில் வண்டி நின்றது. பட்டப்பகல். எவனோ ஒருவன் முன்கதவைத் திறந்து, சீட்டில் இருந்த கருவிப் பெட்டியை எடுத்தான். அந்தம்மா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பக்கத்துக் கதவை இழுத்தார், அது திறக்காத கதவு. கண்ணாடியில் படபடவென்று அடித்தார். அவன் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். இவரால் கத்த முடியாது என்று தெரிந்ததும், அவசரமே படாமல், சொந்தப் பெட்டியைத் தூக்கிப் போகிறவன் போல நடந்து போனான்.

அன்றைக்கு நோட்டில் ஒரே வரி. "நான் இருந்தும் இல்லாத மாதிரிதான்."

மறுநாளிலிருந்து அந்தம்மா வண்டியில் ஏறவில்லை. காலையில் வாசல் வரை வருவார், சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையில் கொடுப்பார், உள்ளே போய்விடுவார். மிஷின்காரர் தானே தைத்துப் பார்த்து, தானே தலையாட்டிக்கொண்டு வீடு திரும்பினார். பெட்டி போனால் வேறு பெட்டி வாங்கலாம். பின்சீட்டு காலியாக இருப்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. எப்படியாவது அவள் மறுபடி வண்டியில் ஏற வேண்டும் என்று தினமும் ஆண்டவனிடம் கேட்டார். கேட்டுவிட்டு, மச்சானைக் கூட்டிக்கொண்டு கார் அலாரம் கடைக்குப் போனார்.

கடைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இதுக்கு அலாரமா? இதுக்கு ஆசீர்வாதம் போதுமேண்ணே!"

"ஆசீர்வாதம் எல்லாம் அத்தான் தினமும் வாங்கிடுவாரு. நீங்க பூட்டைக் காட்டுங்க" என்றான் மச்சான்.

கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவதில் பூட்டு மட்டும். கதவுக்கு ஒன்றாக நாலு குட்டி மோட்டார், இரண்டு ரிமோட். ஒரு அழுத்தில் நாலு கதவும் பூட்டும். இரண்டாவதில் பூட்டோடு சைரனும் உண்டு. வண்டியைத் தட்டினாலும் கத்தும், ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அமுக்கினாலும் கத்தும். மூன்றாவதில் ரிமோட்டே சின்னத் திரையோடு இருந்தது. வண்டிக்கு ஏதாவது ஆனால் அது சட்டைப்பைக்குள் அதிரும்.

"பையில அதிர்ந்து என்ன பிரயோஜனம்? திருடன் காதுல விழ வேண்டாமா?" என்றான் மச்சான்.

மிஷின்காரருக்கும் அது சரியென்று பட்டது. அவர் காதை நம்பிப் பிழைக்கிறவர். மிஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே தேய்மானம் என்று சொல்லிவிடுவார். இரண்டாவது பெட்டி என்று முடிவானதும், கடையில் இருந்த சைரன்களை ஒவ்வொன்றாக அலறவிட்டு, கண்ணை மூடிக் கேட்டு, இருப்பதிலேயே பெரிய தொண்டை உள்ளதைப் பொறுக்கினார்.

மாட்டி முடிக்க அரை நாள் ஆனது. கதவின் உள்தகட்டைக் கழற்றியபோது எப்போதோ தொலைந்த பாபின் ஒன்று கிடைத்தது. திறக்காத கதவும் உள்ளேயிருந்து திறந்தது. மிஷின்காரருக்கு எல்லாமே நல்ல சகுனமாகப் பட்டது.

"ஒரே ஒரு நாள் வந்து பாரும்மா. நீ அந்த சிவப்பை அமுக்கு, நான் கூடத்துக்குள்ள எங்க இருந்தாலும் ஓடி வரேன்."

அந்தம்மா வந்தார். அதே கூடம், அதே வாசல். இவர் மாடிக்குப் போய்க் கால்மணி நேரம் கழித்து அமுக்க வேண்டும் என்று பேச்சு. அமுக்கினார். வண்டி ஊரைக் கூட்டியது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். எதிர் மாடியில் ஜன்னல்கள் திறந்தன.

"என்னம்மா, வண்டி உங்களுதா?"

"சாவி இருக்கா இல்லியா?"

"கேட்டா வாயைத் திறக்குறாங்களா பாரு!"

நோட்டு மடியிலிருந்து கீழே விழுந்தது. பதற்றத்தில் எதை அமுக்கினால் நிற்கும் என்று தெரியவில்லை. வர வேண்டிய ஒருவர் மட்டும் வரவில்லை. மாடியில் நாற்பது மிஷின் சத்தத்துக்கு நடுவே, ஒரு மிஷினுக்கு அடியில் தலையைக் கொடுத்திருந்தார் அவர். அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கடைசியில் காவலாளி ஏறிப் போய்த் தோளைத் தொட்டுச் சொன்ன பிறகுதான் ஓடி வந்தார்.

அந்தம்மா அன்று ஒன்றும் எழுதவில்லை. நோட்டை மூடியே வைத்திருந்தார். அதுதான் மிஷின்காரருக்குப் பயமாக இருந்தது.

மாலையில் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. பேச வாய் இருக்கிற எனக்கே இப்படி என்றால், என்று நினைத்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. மூன்று பெட்டியை வைத்துக்கொண்டு கடைக்காரரைக் கேட்டாயிற்று, மச்சானைக் கேட்டாயிற்று, தன் காதையும் கேட்டாயிற்று. உள்ளே உட்காரப் போகிறவளைக் கேட்கவே இல்லை.

எழுந்து போய் மனைவியின் எதிரில் உட்கார்ந்தார். "தப்பு என்னோடதும்மா. உனக்கு எப்படி இருந்தா தேவலைன்னு நீயே சொல்லு."

அந்தம்மா மூடி வைத்திருந்த நோட்டைத் திறந்தார். எழுதிக் காட்டினார். "எனக்கு ஊரைக் கூப்பிட வேண்டாம். உங்களைக் கூப்பிடணும்."

மறுநாள் அந்தம்மாவே கடைக்கு வந்தார். மூன்றாவது பெட்டியைப் பிரித்து, மிஷின் பாகங்களைப் பரப்புவது போல மேஜையில் ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தார். தீப்பெட்டியை விடச் சின்னதாக, ஒயரோடு ஒரு கறுப்பு டப்பி. அதன் மூலையில் குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிய பொத்தான். விரலை அதன்மேல் வைத்துக் கடைக்காரரைப் பார்த்தார்.

"அது ஏரியல்மா. முன்கண்ணாடியில ஒட்டணும். அந்தப் பொத்தான் வந்து..." கடைக்காரர் தலையைச் சொறிந்தார். உள்ளே போய்க் குறிப்புத்தாளைத் தேடி எடுத்து வந்து, விரலால் ஓட்டிப் படித்தார். "வண்டிக்குள்ள இருக்கிறவங்க அமுக்கினா, ரிமோட் வச்சிருக்கிறவர் பையில அதிருமாம். ஆளைக் கூப்பிடத்தான். இத்தனை வருஷமா விக்கிறேன், ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லம்மா."

மச்சான் குறிப்புத்தாளை வாங்கித் தானும் ஒரு தரம் படித்துப் பார்த்தான்.

கடைக்காரர் நல்ல மனுஷன். பழையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு புதியதை மாட்டினார். பின்சீட்டிலிருந்து அந்தப் பொத்தான் எட்டாது. அந்தம்மா நூல் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்சீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை. மாடியில் நாற்பது மிஷினும் ஓடுகின்றன. மிஷின்காரர் குனிந்து பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று சட்டைப்பைக்குள் வண்டு புகுந்தது போல நெஞ்சு அதிர்ந்தது. எண்ணெய்க் கையோடு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடையில் யாரோ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா முன்சீட்டில் உட்கார்ந்தபடி, அவர் மறந்து வைத்துப் போன மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்கா? உசுரே போயிடுச்சு!"

நோட்டு கார்க் கண்ணாடியில் வந்து ஒட்டியது. "ஊசிக் காதைத் தடவியா பார்ப்பீங்க?"

சிரித்துக்கொண்டே வாங்கி மாட்டிக்கொண்டு திரும்பினார். மூன்றாவது படியில் கால் வைக்கும்போது பை மறுபடி அதிர்ந்தது. இறங்கி வந்தார்.

"இப்போ என்ன?"

அந்தம்மா தோளைக் குலுக்கினார். பென்சிலை எடுத்து ஒரு வார்த்தை எழுதிக் காட்டினார்.

"சும்மாதான்."

மிஷின்காரர் சலித்துக்கொள்ளவில்லை. எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்னொரு தரம் கூப்பிடுவாளோ என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். மாடியில் மிஷின் காத்திருந்தது. இருக்கட்டும்.