மரமயிலின் கழுத்து

பத்து வயதில் நான் ஒரு மரமயிலின் கழுத்தை ஒடித்தேன். அது தானாக ஒடிந்தது என்று என் சித்தப்பா நம்பினார். அந்த நம்பிக்கையில், தான் கட்டிக்கொள்ள நினைத்திருந்த பெண்ணை விட்டுவிட்டார். நான்தான் செய்தேன் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்வதற்குள் நான் கிழவனாகிவிட்டேன்.

புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறைக் கோடியில், துணி காயப்போடும் ஜன்னலுக்குக் கீழே இருந்தது சித்தப்பாவின் பட்டறை. பட்டறை என்று அவர்தான் சொல்வார். உண்மையில் ஒரு பழைய மேசை, அதன் மேல் ஸ்க்ரோல் சா என்ற அறுப்பு இயந்திரம், பக்கத்தில் கையால் சுழற்றும் டிரில், உப்புத்தாள், ஒரு மெழுகுவத்தித் துண்டு. அவ்வளவுதான். அந்த ஸ்க்ரோல் சா, ஊர் திரும்பிய வெள்ளைக்காரப் படைவீரர் ஒருவர் விட்டுப்போனது. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த சித்தப்பா அதை டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நூல் போன்ற பிளேடு ஒன்று நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஓடும். தையல் மிஷினில் துணியைத் திருப்புவது மாதிரி நாம்தான் பலகையைத் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலகை வழுக்கிப் போக மேசையில் மெழுகு தேய்க்க வேண்டும். அது ஓடும்போது அம்மாவின் பாத்திரங்கள் எல்லாம் அதிரும்.

“இவருக்குப் பொண்ணு கொடுக்கிறவங்க இந்த மிஷினையும் சேத்துக் கூட்டிட்டுப் போகணும்” என்பாள் அம்மா.

எனக்கு அந்த இயந்திரத்தை ஓட்ட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். ஓரிடத்தில் நிற்கும் பிள்ளை இல்லை நான். சாப்பிடும்போதும் எழுந்து ஓடுவேன், பாடம் எழுதும்போது மேசையை உதைப்பேன். “இவன் கால்ல மோட்டார் இருக்குலா” என்று அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொல்வார். சித்தப்பா பலகை அறுக்கும்போது மட்டும் அருகிலேயே நிற்பேன். நிற்பேன் என்றால், காலை மாற்றி மாற்றி. “எப்ப எனக்குத் தருவீங்க?” “தரேன்டா.” “எப்ப?” “காவடி முடியட்டும்.”

காவடி விஷயத்துக்கு வருமுன் கடையைச் சொல்ல வேண்டும். பிளேடு வாங்க ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்குப் போவோம். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவருடைய கடை. பிற்பகலில் அவர் தொழுகைக்குப் போனால் மகள் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். எங்களுக்குப் பிளேடு தீர்ந்துபோவது எப்போதும் அந்த நேரமாகத்தான் இருக்கும். கடைக்கு முன்னால் கூரை வேய்ந்த அஞ்சடி நடைபாதையில் என் கையில் ஓர் ஐஸ் உருண்டையைக் கொடுத்து நிறுத்திவிட்டு சித்தப்பா உள்ளே போவார். உருண்டை கரைந்து முழங்கை வரைக்கும் வழியும். அவர் வரமாட்டார்.

“போன வாரந்தானே ஒரு கட்டு வாங்கினீங்க. தின்னுட்டீங்களா?”

“உங்க பிளேடு சரியில்ல. பட்டு பட்டுன்னு ஒடையுது.”

“பிளேடு நல்லாத்தான் இருக்கு. பிடிக்கிற கைதான் நடுங்குது.”

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஓடிப்போய், “அக்கா, வீட்ல பாட்டில் நெறைய பிளேடு இருக்கு அக்கா!” என்றேன். அவர் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சித்தப்பா என் காதைத் திருகினார். ஏன் திருகினார் என்று தெரியாமல் பேருந்து முழுக்க அழுதுகொண்டு வந்தேன்.

அந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கப்போவதாகச் சித்தப்பா சொன்னார். என்ன நேர்த்தி என்று கேட்டதற்கு, “ஒரு காரியம்” என்றார். வேலையில் பதவி உயர்வு என்று அப்பா முடிவு செய்துகொண்டார். காரியம் அதுவல்ல. இரண்டு வீடும் சம்மதிக்க வேண்டும், அதுதான் வேண்டுதல். ஒரு முஸ்லிம் பெண்ணைக் கட்டிக்கொள்ள முருகனிடம் சிபாரிசுக்குப் போனவர் என் சித்தப்பா. அதில் ஒரு சிக்கலும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

காவடியின் வளைவு முழுவதையும் தன் கையாலேயே அறுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். மெல்லிய பலகையில் காகிதத்தை ஒட்டி, அதில் வரைந்த கோட்டின் மேலேயே பிளேடு போக வேண்டும். வளைவில் ஒரு மயில் உண்டு. அதன் தோகைக்குள் இருக்கும் ஒவ்வொரு கண்ணுக்கும் முதலில் துளை போட்டு, பிளேடைத் துளைக்குள் நுழைத்து மாட்டி அறுக்க வேண்டும். மயிலின் கழுத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். அதுதான் எல்லாவற்றிலும் ஒல்லி.

விரதம் தொடங்கியதும் சட்டம் வந்தது. விரதம் இருப்பவர் தவிர யாரும் இயந்திரத்தையோ பலகையையோ தொடக்கூடாது. நான் மீன் தலைக் கறி தின்றவன். என்னை ஜன்னல் பக்கமே விடவில்லை. அவரோ நாள்தோறும் அறுத்தார். அந்தச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் என் உள்ளங்கால் அரித்தது. ஒரு நாள் கெஞ்சினேன், ஒரு கோடு மட்டும், ஒரே ஒரு கோடு. சித்தப்பா அன்று ஏதோ யோசனையில் இருந்தார். “போடா அந்தப் பக்கம், சனியனே” என்றார். என்னை அப்படி அவர் சொன்னதே இல்லை.

கழுத்தை அறுக்க வேண்டிய மாலை. குளிக்கப் போகுமுன் புதுப் பிளேடு மாட்டி வைத்துவிடுவது அவர் வழக்கம். குளித்துத் திருநீறு பூசிய கையால் எண்ணெய்த் திருகைத் தொடமாட்டார். வந்ததும் நேராக அறுக்க உட்கார்ந்துவிடுவார். பிளேடின் பற்கள் கீழே பார்க்க வேண்டும். அப்போதுதான் அது பலகையை மேசையோடு அமுக்கிக்கொண்டு வெட்டும். மேலே பார்த்தால் பலகையைத் தூக்கித் தூக்கி அடிக்கும். அந்தப் பற்கள் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால்தான் தெரியும். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவரும் அவரே.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அம்மா நடைபாதையில் பக்கத்து வீட்டுச் சீன அம்மாளுடன் பேசிக்கொண்டிருந்தாள். நான் மேல் திருகைத் தளர்த்தினேன், கீழ்த் திருகைத் தளர்த்தினேன். பிளேடைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி, முன்னைப் போலவே இறுக்கினேன். பலகை கொஞ்சம் குதிக்கும், சித்தப்பா திடுக்கிடுவார், நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பேன். இவ்வளவுதான் என் திட்டம்.

பலகையை அமுக்கிப் பிடிக்கும் சின்னப் பாதம் ஒன்று அந்த இயந்திரத்தில் உண்டு. கோடு மறைகிறது என்று சித்தப்பா அதை எப்போதோ கழற்றிப் போட்டிருந்தார். எனக்கு அது அப்போது ஞாபகம் வரவில்லை.

பலகை கொஞ்சமாகக் குதிக்கவில்லை. கைதட்டுவது போலப் படபடவென்று மேசையில் அடித்தது. அவர் விசையை அணைப்பதற்குள் மயிலின் தலை சமையலறைத் தரையில் கிடந்தது.

நான் சிரிக்கவில்லை. சித்தப்பா விசையிலிருந்து கையை எடுத்தார். பிறகு பிளேடை மேலும் கீழுமாகத் தடவினார். “நானா இப்படி மாட்டினேன்?” என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

அப்பா எட்டிப் பார்த்து, “இதுக்கு என்னலா? பசை போட்டு ஒட்டு, பெயிண்ட் அடி, யாருக்குத் தெரியும்?” என்றார்.

“சாமிக்கு எடுக்கிறதுங்க. பின்னமானத ஒட்டி எடுத்துட்டுப் போவாங்களா?” என்றாள் அம்மா. “புதுசா அறுங்க தம்பி. இன்னும் நாள் இருக்கு.”

சித்தப்பா தலையை எடுத்துத் தாளில் சுற்றினார். “வேணாம் அண்ணி. முருகன்கிட்ட ஒண்ணு கேட்டிருந்தேன். பதில் சொல்லிட்டான்.”

அம்மா சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஏற்கெனவே ஏதோ தெரிந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியாது. பதவி உயர்வு போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அதை நினைத்துக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். அதைவிட, விரதம் கெட இயந்திரத்தைத் தொட்டதற்கு விழப்போகும் அடிதான் பெரிதாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

அந்தத் தைப்பூசத்துக்கு அவர் பால்குடம் மட்டும் எடுத்தார். பிறகு ஒரு பிற்பகல் என்னை அழைத்துக்கொண்டு ஜாலான் புசார் போனார். இந்த முறை ஐஸ் உருண்டை வாங்கித் தரவில்லை, அஞ்சடியில் நிறுத்தவும் இல்லை. என் கையைப் பிடித்தபடியே உள்ளே போனார்.

“என்ன, பிளேடா?” என்று அந்த அக்கா எழுந்தார், பாதிச் சிரிப்போடு.

“இனிமே வேணாம்” என்றார் சித்தப்பா.

“ஏன்? மிஷின் ஒடஞ்சிருச்சா?”

சித்தப்பா பேசவில்லை. அந்த அக்காவும் அதற்கு மேல் கேட்கவில்லை. இருவரும் அப்படியே நின்றார்கள். எனக்கு அலுத்துவிட்டது. சித்தப்பாவின் கையை இழுத்தேன். “போலாம் சித்தப்பா, போலாம், போலாம்” என்று குதித்தேன். போய்விட்டோம்.

சித்தப்பாவுக்கு வீட்டில் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தார்கள். சித்தி நல்லவர். பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். சித்தப்பா துன்பப்பட்டு வாழ்ந்தார் என்று சொல்ல என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. அதுவே பல காலம் எனக்கு வசதியாக இருந்தது. அம்மா தன் கடைசிக் காலத்தில், பழைய கதை ஏதோ பேசும்போது, அந்தக் கடைப் பெண்ணையும் வேண்டுதலையும் சொன்னாள். “மயிலு ஒடஞ்சதும் நல்லதுக்குத்தான்னு நெனச்சேன். அப்புறம் அவரு மூஞ்சியப் பாத்தா அப்படித் தோணல” என்றாள். அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. அப்படியும் இன்னும் சில வருடங்களைக் கடத்தினேன்.

சித்தியும் போன பிறகு, சித்தப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், அழுவார் என்றும் நினைத்தேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். “பத்து வயசுப் பையன்” என்றார். சற்றுப் பொறுத்து, “எங்கிட்ட வந்து சொல்ற. அவகிட்ட நான் ஒரு காரணமும் சொல்லாம வந்தவன்டா. முடிஞ்சா அவளத் தேடி இதச் சொல்லு” என்றார்.

கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு சிறிய ஹோட்டல். பக்கத்துக் கடையில் விசாரித்து, உறவினர் வழியாக அனுமதி கேட்டு, புக்கிட் பாத்தோக்கில் மகள் வீட்டில் இருந்தவரைப் போய்ப் பார்த்தேன். நரைத்த தலையில் முக்காடு. “வாங்க தம்பி, ஐஸ் உருண்டை தம்பிதானே?” என்றார். நான் சொன்னேன். பிளேடு, மயில், வேண்டுதல், அடிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டது, எல்லாம்.

அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

“எங்க வாப்பாதான் அவரை மெரட்டி வெரட்டிட்டாருன்னு நெனச்சேன்” என்றார். “வாப்பா சத்தியம் பண்ணினாரு, ‘நான் ஒண்ணும் சொல்லலம்மா, அந்தப் பையனோட பேசினதுகூட இல்ல’ன்னு. நான் நம்பல. அவர் மவுத்தாகிற வரைக்கும் மொகம் கொடுத்துப் பேசல. ஒரே வீட்ல இருந்தும்.”

மன்னிப்பு என்ற சொல்லை யாருக்காகச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் பெரியவரின் முகம்கூட எனக்கு நினைவில் இல்லை.

வாசல் வரைக்கும் வந்தார். “தம்பி, இத உங்க சித்தப்பாகிட்ட சொல்லாதீங்க. அவரு தாங்கமாட்டாரு.”

மறுநாள் சித்தப்பா தொலைபேசியில் கேட்டார். “பாத்தியா? சொன்னியா? என்ன சொன்னா?”

“சிரிச்சாங்க சித்தப்பா” என்றேன்.

அந்தப் பக்கம் அவரும் சிரித்தது கேட்டது.