பெயருக்குக் கீழே

மோந்தெரால்தோ என்ற மலையூரில் பாதி ஊருக்குக் குடும்பப் பெயர் மான்சினி. மீதிப் பாதி மான்சினி வீட்டில் பெண் எடுத்தவர்கள். அதனால் ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைச் சொல்லி அங்கே ஆளைக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். ஜோவான்னி மான்சினி எங்கே என்று கேட்டால், "எந்த ஜோவான்னி? உப்பில்லானா, பிஷப்பா, கழுதைக்காலனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பிஷப் என்பவர் லாரி ஓட்டிப் பிழைத்தவர். கோவில் பக்கமே போகாதவர். பட்டப்பெயர் அங்கே அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும், வீடும் ஒலிவத் தோட்டமும் வருகிற மாதிரி. இதை விற்கத்தான் முடியாது.

ஒர்நெல்லாவுக்குப் பட்டப்பெயர் கிடையாது. கடற்கரை ஊரிலிருந்து எல்வியோ மான்சினிக்கு வாழ்க்கைப்பட்டு இந்த மலைக்கு ஏறி வந்தவள் அவள். எல்வியோவின் வீட்டுப் பெயர் ஆணி. அவன் இருந்தவரை அவள் 'ஆணியின் பெண்டாட்டி'. அவன் நெஞ்சு வலியில் போனபிறகு 'அந்த வெளியூர்க்காரி'. ஊர் அவளை ஒதுக்கியது என்று சொன்னால் பொய். பண்டிகைக்கு ரொட்டி கொடுத்து அனுப்புவார்கள், காய்ச்சல் என்றால் விசாரிப்பார்கள். ஆனால் சொந்தமாக ஒரு பெயர் வைத்துக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. கேட்டு வாங்குகிற பொருளா அது?

ஊரில் பிறந்த எவரையும்விட ஊரின் கதையை அதிகம் சொன்னவள் அவள்தான் என்பது வேறு விஷயம். பிள்ளை இல்லாத வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடியாமல் பரீட்சை எழுதி வழிகாட்டி உரிமம் வாங்கினாள். ஊரின் கீழ்வாசலில் பஸ் வந்து நின்றால் பச்சைக் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள். மதில், கிணற்றுச் சதுக்கம், புனித லூச்சியா கோவில், அடுப்புச் சந்து, கடைசியில் கோட்டை மேடு. பின்னால் தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக ஒரு கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு வரும்.

அடுப்புச் சந்தில் பார்க்க ஒன்றுமில்லை. முன்னொரு காலத்தில் ஊர் முழுக்க ரொட்டி சுட்ட பொது அடுப்பு, இப்போது கதவு போட்டு அடைத்திருக்கிறது. மற்ற வழிகாட்டிகள் அங்கே நிற்கவே மாட்டார்கள். ஒர்நெல்லா நிற்பாள். அடுப்புக்கு எதிர்வீட்டு மாடி ஜன்னலில் பசியில்லான் இருந்தார்.

அவருடைய தாத்தா ஒரு கல்யாண விருந்தில் "எனக்கு இன்னிக்குப் பசியே இல்லை" என்று சொல்லிவிட்டு அரை ஆட்டைத் தனியாளாக முடித்தாராம். அன்றிலிருந்து அந்தக் குடும்பமே பசியில்லான் குடும்பம். தபால்காரரும் அந்தப் பெயரில்தான் விசாரிப்பார். கதவில் பெயர்ப்பலகை கிடையாது, தேவையும் இல்லை.

குடை சந்துக்குள் திரும்பியதுமே மேலேயிருந்து சத்தம் வரும்.

"ஏ தாய்க்கோழி! இன்னிக்கு எத்தனை குஞ்சு?"

"நிறைய. நீங்க பனியனோட நிக்காதீங்க, வெளிநாட்டுக்காரங்க பார்க்கிறாங்க."

"பார்க்கட்டுமே! கோட்டைக்குக் காசு குடுத்தாங்க, நான் இனாம். அந்தக் கடைசிக் குஞ்சு நொண்டுது பாரு. கண்ணு எங்க இருக்கு உனக்கு? கொஞ்சம் உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போ."

திரும்பிப் பார்த்தால் உண்மையிலேயே யாரோ ஒருவர் நொண்டிக்கொண்டு வந்திருப்பார். கூட்டம் சிரிக்கும், கைதட்டும். இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்துக்கொள்வார்கள். "காசு கொடுத்து வெச்சிருக்கீங்களா?" என்று அவளிடம் கேட்டவர்களும் உண்டு.

அடுப்புச் சந்தை ஒட்டிய மேல்தெருவில்தான் அவள் வீடும். அங்கே மற்ற வீடுகளெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிப் பூட்டிப்போட்டவை. ஆகஸ்டில் திறக்கும், செப்டம்பரில் சாத்திவிடும். பனிக்காலத்தில் அங்கே மனித வாடை என்றால் அவர்கள் இரண்டு பேர்தான். அவள் காலையில் எழுந்ததும் அவருடைய புகைபோக்கியைப் பார்ப்பாள். அவர் மாலையில் அவள் வீட்டு விளக்கைப் பார்ப்பார். ஒருநாள் பல்ப் ஃப்யூஸ் ஆகி இருட்டிலேயே படுத்துவிட்டதற்கு மறுநாள் சந்தில் வைத்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டார். இத்தனைக்கும் ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் காலடி வைத்ததில்லை, ஒரு காபி சேர்ந்து குடித்ததில்லை. ஜன்னலுக்கும் தெருவுக்கும் நடுவில் இருந்த உறவு அது. பல நாள்களில் அவளைப் பார்த்துப் பேசிய ஒரே மோந்தெரால்தோக்காரர் அவர்தான் என்பது அவளுக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

போன இலையுதிர் காலத்தில் அவர் படியில் விழுந்தார். சமவெளி நகரத்தில் இருக்கும் மகள் காரோடு வந்தாள். காரில் ஏறுவதற்கு முன் அவர் சந்தே அதிரக் கத்தினார்: "ஈஸ்டருக்கு வந்துருவேன், தாய்க்கோழி! அதுவரைக்கும் என் ஜன்னலுக்குக் கீழ நிக்காமப் போனேன்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான்!"

அவள் நின்றாள். மழையில் குடையை விரித்துக்கொண்டு நின்றாள். ஈஸ்டர் வந்தது, போனது. ஜன்னல் திறக்கவில்லை. மகளுடைய எண் அவளிடம் இல்லை. யாரிடமாவது கேட்டு வாங்கலாம்தான். ஆனால் 'நீங்க யார்?' என்று மகள் கேட்டால் என்ன பதில் சொல்வது? ஜன்னலுக்குக் கீழே நிற்கிறவள் என்றா? அந்தக் கூச்சத்திலேயே நாள்கள் போயின. பொது அடுப்பைப் பற்றிச் சொல்ல இருந்த இரண்டு வரியை இழுத்து இழுத்துப் பெரிய கதையாக்கினாள். இல்லாத ராணியெல்லாம் அந்த அடுப்பில் ரொட்டி சுட்டாள். கண் மட்டும் மேலேயே இருந்தது. அவர் வரவேண்டும், அந்த மரக்கதவு படார் என்று திறக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மே மாதத்தில் ஒரு காலை, கீழ்வாசல் வளைவுக்குப் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு சாவு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கறுப்புக் கரை போட்ட வெள்ளைத் தாள். அன்றைய கூட்டத்தில் ஓர் அம்மாள் அதைப் படமெடுத்துக்கொண்டு, இது என்ன என்று கேட்டாள்.

"எங்க ஊர்ல யாராவது போயிட்டா இப்படித்தான் சொல்றது," என்றாள் ஒர்நெல்லா. "பேரு, வயசு, எந்தக் கோவில், எந்நேரம். முக்கியமா பேருக்குக் கீழ பட்டப்பேரு. அது இல்லேன்னா போனது யாருன்னு ஊருக்கே தெரியாது. இதுல பாருங்க, அது இல்ல. நட்ஸரேனோ மான்சினி. என் வீட்டுக்காரரும் மான்சினிதான், மேயரும் மான்சினிதான். இந்தப் பாவி எந்த மான்சினியோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கிணற்றுச் சதுக்கத்தில் நிற்கும்போது துக்கமணி அடித்தது. விட்டு விட்டு, மெதுவாக. பேச்சை நிறுத்திவிட்டு, கேளுங்கள், இந்த மணியைப் போர்க்காலத்தில் உருக்கிவிடாமல் மண்ணில் புதைத்துக் காப்பாற்றினார்கள் என்று சொன்னாள். சிலர் அலைபேசியை உயர்த்திப் பதிவு செய்துகொண்டார்கள். கோவில் வாசலில் சவ வண்டி தெரிந்தது. நல்ல வழிகாட்டி அந்த நேரத்தில் கூட்டத்தை அந்தப் பக்கம் விடமாட்டாள். அவளும் குடையைத் திருப்பிப் பக்கத்துச் சந்து வழியாக அழைத்துப் போனாள். போகிற போக்கில் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியில் முகம் மறைந்த ஒரு பெண், நகரத்து உடுப்பில் நாலைந்து பேர், புதிதாக வந்த பாதிரியார். ஊர்முகம் ஒன்றுகூட இல்லை. ஐயோ, நாதியற்ற மனுஷன் யாரோ, என்று மனசுக்குள் இரக்கப்பட்டாள். பிறகு அடுப்புச் சந்தில் வழக்கம்போல நின்று, மூடிய ஜன்னலைக் காட்டி, "இங்க ஒரு வாயாடித் தாத்தா இருப்பாரு. இப்ப மகள் வீட்டுக்குப் போயிருக்காரு. அடுத்த தடவை வந்தீங்கன்னா பார்க்கலாம்," என்றாள்.

மாலையில் லொரெதானாவின் பாருக்குக் காபி குடிக்கப் போனாள். மூலை மேசையில் சீட்டாடுகிற கிழவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு நோட்டீஸை அலசிக்கொண்டிருந்தார்கள்.

"ஆலைக்காரன் தம்பி ஒரு நட்ஸரேனோ இருந்தானே?"

"அவன் செத்து எத்தனை காலம் ஆச்சு! நீதான்யா சவப்பெட்டி தூக்கின."

"நானா? அது அவன் அண்ணன்."

"அர்ஜென்டினாவுக்குப் போனவங்க யாராவது இருக்கும்," என்றாள் கல்லாவிலிருந்து லொரெதானா. "உசிரோட இருக்கும்போது எட்டிப் பார்க்க மாட்டாங்க, புதைக்க மட்டும் எடுத்துட்டு வந்துருவாங்க. வெளியூர்க்காரம்மா, சக்கரை போதுமா?"

கல்லறைத் தோட்டத்து ஈவோ உள்ளே வந்தான். பூட்ஸில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. தொப்பியைக் கழற்றவில்லை, யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே கிழவர்கள் மேசைக்குப் போய் நின்றான்.

"நீங்கல்லாம் மனுசங்களாய்யா?"

"என்னடா ஆச்சு உனக்கு?"

"அந்த ஆளோட வாழ்நாள் பூரா சீட்டாடுனீங்க. ஒருத்தனாவது வந்தீங்களா? அந்தப் பொண்ணு ரோட்டையே பார்த்துட்டு நிக்குது. 'எங்கப்பா இந்த ஊரு இந்த ஊருன்னே உசிர விட்டாரு, ஒருத்தர்கூட வரலியே'ன்னு அழுவுது. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல."

"யாருடா? யாரைச் சொல்ற?"

"யாரா? பசியில்லானைத்தான்யா!"

சீட்டுகள் மேசையில் கவிழ்ந்தன. பிஷப் எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். "அவன் பேரு நட்ஸரேனோவா?" என்று மட்டும் கேட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர் அவர்.

மகள்தான் பட்டப்பெயரைப் போடவேண்டாம் என்றாளாம். செத்த மனுஷனைக் கேலி செய்கிற மாதிரி இருக்கிறது, அப்பா மரியாதையோடு போகட்டும் என்றாளாம். நகரத்திலேயே அச்சடித்துக் கொண்டுவந்தாள். அவளைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? அவளுக்குத் தெரிந்த மரியாதை அது.

ஒர்நெல்லா காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். கீழ்வாசல் சுவருக்கு வந்தாள். பையிலிருந்து, பஸ் எண்களை எழுத வைத்திருந்த தடித்த பேனாவை எடுத்து, அச்சடித்த பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் பசியில்லான் என்று எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் அழுகை வந்தது. காலையில் இதே இடத்தில் நின்று சிரித்தது ஞாபகம் வந்தது. அவரைத்தான் நாதியற்றவர் என்று எண்ணினாள், அவருக்கு வேண்டியவளான அவளே பத்தடி தூரத்தில் குடையைத் திருப்பிக்கொண்டு போனாள். சுவரில் கை வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்களே என்று நினைக்காமல் அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் ஊர் திரண்டுவிட்டது. நோட்டீஸில் அந்தப் பெயரைப் படித்தவர்கள் எல்லாம் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு கல்லறைக்கு ஏறினார்கள். பிஷப் ஒரு சீட்டுக்கட்டைக் கொண்டுபோய்க் கல்லறை மேல் வைத்தார். லொரெதானா பூ வைத்தாள். மகளுக்கு ஃபோன் போட்டு ஆளாளுக்கு மன்னிப்புக் கேட்டார்கள். பாரில் அவரைப் பற்றித்தான் பேச்சு. ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது. ஒர்நெல்லாவும் ஓரமாக நின்று கேட்டாள். அவளிடமும் கதைகள் இருந்தன. ஆனால், "நீயும் மேல்தெருவுலதானே? உனக்கு அவரோட பழக்கம் உண்டா?" என்று யாரோ கேட்டபோது, "பார்த்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் உடைந்துபோவோம் என்று பயம்.

அடுத்த பஸ் வந்தது. குடை அடுப்புச் சந்துக்குள் திரும்பியது. அவள் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். அன்றைக்குக் கதையில் ராணியும் இல்லை, ரொட்டியும் இல்லை. கூட்டம் காத்திருந்தது. பிறகு அவளாகவே திரும்பி, கடைசியில் யார் நொண்டிக்கொண்டு வருகிறார்கள் என்று பார்த்தாள். ஒரு வயதானவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவரை அடுப்பின் படியில் உட்கார வைத்தாள்.

அந்த வாரமே ஃபெருச்சோவின் அச்சுக்கடைக்குப் போனாள். ஊர் நோட்டீஸ்களெல்லாம் அங்கேதான் அடிப்பது. கல்யாணப் பத்திரிகையை வெட்டிக்கொண்டிருந்தவன் தலைநிமிர்ந்தான்.

"வாங்கம்மா. கோட்டைச் சுற்றுலாவுக்குச் சுவரொட்டியா?"

"இல்ல. நான் போனா, என் நோட்டீஸ்ல பேருக்குக் கீழ ஒண்ணு போடணும். நகரத்துல அடிக்கிறேன்னு யாரு வந்தாலும் விட்டுராதே. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"இப்பவே என்னத்துக்கு அந்தப் பேச்சு? சரி, என்ன போடணும்? 'ஆணியின் விதவை'ன்னா?"

"தாய்க்கோழி."

ஃபெருச்சோ சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"யாரு உங்களை அப்படிக் கூப்பிடுறது? நான் இந்த ஊர்லயே பிறந்தவன், ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே."

"ஒருத்தர் கூப்பிட்டாரு."

"தப்பா எடுத்துக்காதீங்க. பட்டப்பேரு போடுறதே ஆள் தெரியறதுக்குத்தானே? அதைப் போட்டா போனது நீங்கதான்னு ஒருத்தருக்கும் தெரியாதேம்மா."

"தெரியாது," என்றாள் ஒர்நெல்லா. "இருந்தாலும் போடு."

கீழே பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவள் மேசை மேல் வைத்திருந்த பச்சைக் குடையை எடுத்துக்கொண்டு கீழ்வாசலுக்கு இறங்கிப் போனாள்.