அபூ லுத்ஃபியின் இருபத்தொரு பெயர்கள்

மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் மரண அறிவிப்பை, எள் ரொட்டியைக் கடித்தபடி படித்துக்கொண்டிருக்கிறார் வஜீஹ் ஸர்தூக். செத்தவர் பெயரில் அவர் கண் நிற்பதில்லை. கீழே பொடி எழுத்தில் வரிசையாகப் போட்டிருக்கும் மகன்கள், மருமகன்கள், சம்பந்தி வீட்டார் பெயர்களில்தான் நிற்கிறது. "போனவன் ஓட்டுப் போட மாட்டான் நஸீப். கீழ இருக்கிற பன்னெண்டு பேரும் போடுவான்" என்று முதல்முறை அவர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த அரைமணி நேரத்தில் அந்தச் சாவு வீட்டில் கசப்புக் காப்பியோடு உட்கார்ந்து, பெற்ற பிள்ளைகளைவிட அதிகமாக அழுதார். அந்த அழுகை பொய்யில்லை என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மூத்த மகன் லுத்ஃபியின் பெயரால், எங்கள் துறைமுக ஊரான மீனா முழுவதும் அவரை அபூ லுத்ஃபி, லுத்ஃபியின் அப்பா, என்றே அழைக்கிறது. தண்ணீர்த் தொட்டி விற்கும் கடை அவருடையது. பக்கத்து எழுதுபொருள் கடை என்னுடையது. ஆகஸ்ட் வெயிலிலும் பழுப்பு நிறக் கோட்டைக் கழற்ற மாட்டார். பையில் எப்போதும் ஓர் அளவு நாடா. தெருவில் பள்ளம் கண்டால் நாலு பேர் பார்க்கக் குனிந்து நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து குறித்துக்கொள்வார். எங்கள் கடை வாசல் பள்ளத்தை ஒன்பது வருஷமாக அளக்கிறார். "ஆழம் கூடியிருக்கு, இப்பத்தான் மனு வலுவாச்சு" என்று போன மாதமும் சொன்னார்.

ஐந்து முறை நகராட்சித் தேர்தலில் நின்றவர். முதல் இரண்டில் தோற்று, அடுத்த இரண்டில் ஜெயித்து, ஐந்தாவதில் பத்தொன்பது ஓட்டில் கவிழ்ந்தார். அறுபத்தெட்டு வயதில் இந்த வருஷம் ஆறாவது முறை நின்றார். இதுவும் போனால் தொட்டிக் கடைக்காரனாகவே தன்னைப் புதைப்பார்கள், அளந்துவைத்த பள்ளமெல்லாம் அப்படியே கிடக்கும் என்று என்னிடம் புலம்பினார்.

எங்கள் ஊர்த் தேர்தலில் இருபத்தொரு இடங்கள். பெயர்களை வீட்டிலேயே எழுதி எடுத்துவந்து பெட்டியில் போடலாம். பிடிக்காத பெயரை அடித்துவிடலாம். எண்ணும்போது அதிகாரி ஒவ்வொரு தாளையும் மேலிருந்து கீழே உரக்கப் படிப்பார். அபூ லுத்ஃபியின் வித்தை இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதே இருபத்தொரு பெயர்தான் கொடுப்பார், ஆனால் வீட்டுக்கு வீடு வரிசை வேறு. முதல் மூன்று பெயர் படித்ததுமே இது எந்த வீட்டுத் தாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். முந்நூறு வீட்டு வரிசையும் அவர் தலைக்குள் இருக்கிறது. ரகசிய வாக்கெடுப்பு என்பது இந்த மனிதர் முன் வெறும் பேச்சு. தாள் வராத வீட்டுக்கு மறுநாள் காலையிலேயே போய், "உங்க காகிதம் வழியில தொலஞ்சிருச்சோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். கேட்கப்பட்டவர்கள் அடுத்த தேர்தலில் தொலைப்பதில்லை.

அத்தனை தாளையும் அவர் சொல்லச் சொல்ல எழுதுவது அவர் மனைவி உம் லுத்ஃபி. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஐந்து தேர்தலாக. எழுதி முடித்து, மிச்சம் கிடக்கும் தாளில் ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொள்வார். இந்த முறை தேர்தலுக்கு முதல்நாள் அபூ லுத்ஃபி என் கடைக்கு வந்து, ஒரே ஒரு தாள் எழுதித் தரச் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன். எழுது என்றார். எழுதினேன். அவர் பெயர் அதில் ஒன்பதாவது.

மறுநாள் மாலை பெண்கள் வாக்குச்சாவடியில் எண்ணிக்கை நடந்தது. அவருடைய முகவராக நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி ஒரு தாளைப் பிரித்துப் படித்தார். மூன்றாவது பெயரிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அது நான் எழுதிய தாள். அபூ லுத்ஃபி நிமிர்ந்து உட்கார்ந்தார். எட்டாவது பெயர் வந்தது. அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்து, "ஒன்பதாவது அடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பத்தாவதைப் படித்தார்.

"நீ மாத்தி எழுதிட்ட" என்றார் அபூ லுத்ஃபி, என் பக்கம் திரும்பாமலேயே.

"இல்லண்ணே. யாருக்கு அது?"

அவர் விரலில் கிடந்த கல்யாண மோதிரத்தைத் திருகினார். அவர் முகம் வெளிறியதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. நாற்பத்துமூன்று வருஷம் கூட வாழ்ந்தவள் கையிலும் ஒரு வேவுத்தாளைக் கொடுத்திருக்கிறார். அதை எழுதிய பாவி நான்.

அந்த ஓட்டு இல்லாமலே அவர் முப்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். மறுநாள் காலை வீடு கொள்ளாத கூட்டம். உம் லுத்ஃபி எல்லாருக்கும் பக்லாவா இனிப்பு கொடுத்து, வாழ்த்துகளைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். என்னிடம் தட்டை நீட்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

"உன் கையெழுத்து அழகா இருந்துச்சு தம்பி. எங்கிட்ட எழுதச் சொல்லியிருந்தா எனக்குன்னு ஒரு வரிசையையும் நானே போட்டுக் கொடுத்திருப்பேன். கேக்கலயே."

எடுத்த பக்லாவாவைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

அன்று அபூ லுத்ஃபி எந்த வீட்டுக்கும் போய்த் தொலைந்த காகிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கடலோரம் இரண்டு தடவை என்னோடு நடந்தார். அவர் வீடு இருக்கும் மூன்றாம் மாடி வரை நானும் ஏறி வந்தேன். வீட்டுக் கதவருகே சாவியை எடுத்தார், துவாரம் வரை கொண்டுபோனார், திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டி, ஓட்டுக் கேட்க வந்தவர்போல ஓரடி பின்னால் தள்ளி நின்று, சொந்த வீட்டின் அழைப்பு மணியை அழுத்தினார்.