நாலு மெஷின் ஓடிய முன்னறை

காஜாக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. பொத்தான் நுழைகிற துளையைக் காஜா என்பார்கள். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் அதை மட்டும்தான் போட்டாள். எனக்கு முழுச் சட்டையே தைக்கத் தெரியும் என்று சொன்னபோதெல்லாம் சூப்பர்வைசர் சிரித்தான். இடுப்பு பிடித்துக்கொண்டதும் கம்பெனி பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவைத்தது. கொடுத்த தொகைக்குக் காலால் மிதிக்கிற பழைய மெஷின் ஒன்று வந்தது. அதை வீட்டு முன்னறையில் போட்டு, கிழிசலும் ஓரமடிப்புமாக ஒன்பது வருடம் ஓட்டினாள்.

அப்புறம்தான் நல்ல காலம் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆயாக்களுக்கு முந்நூறு சீருடை தைக்க ஆள் தேடினார்கள். இவள் தைத்துக் காட்டிய மாதிரியை அங்கிருந்த மேட்ரன் உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"தையல் சுத்தமா இருக்கும்மா. ஆனா ஒரே மெஷின்ல எப்ப முடிப்ப? மாசக் கடைசிக்குள்ள மூணு கரண்ட் மெஷின் போட்டுட்டு வா, துணிய எடுத்துட்டுப் போ."

வங்கிக்கு நடையாய் நடந்தாள். வங்கிக்காரர்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை வராது. பணம் இருப்பவனுக்கு நாற்காலி, இல்லாதவளுக்கு வராந்தா. ஒரு நாள் போட்டோ மங்கல் என்றார்கள், ஒரு நாள் கையெழுத்துப் போடுகிறவர் லீவு என்றார்கள். ஐந்தாம் முறை மனுவை வாங்கிக்கொண்டு, ஆபீசர் வீட்டுக்கு வந்து தொழிலைப் பார்த்து எழுதினால்தான் கடன் என்றார்கள்.

இந்த ஓட்டை மெஷினைப் பார்த்தால் எந்த ஆபீசர் மதிப்பான்? மூன்றாம் வீட்டில் இருக்கும் நாத்தனாரிடம் போய்ப் புலம்பினாள். கணவனின் அக்கா, நைட்டி தைப்பவள், மூன்று கரண்ட் மெஷின்காரி. ஒரு ஊசியைக்கூட இரவல் தராதவள், அன்று தானாகவே சொன்னாள்.

"என் மெஷின் மூணையும் தூக்கிட்டுப் போ. அந்தாளு கண்ணுக்கு நிறைவா இருக்கட்டும். உனக்குச் செய்யாம நான் யாருக்குச் செய்யப்போறேன்?"

காஜாக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் இவளைப் போய்க் கரித்துக்கொட்டினோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கணவனோடு சேர்ந்து மூன்று மெஷினையும் தூக்கிவந்தாள், எண்ணெய் போட்டாள், துணியைச் செருகி ஓடவும் விட்டாள்.

மறுநாள் ஆபீசர் வந்தார். நாலு மெஷினையும் பார்த்தார், கையிலிருந்த மனுவைப் பார்த்தார்.

"ஒரு மெஷின்னு எழுதியிருக்கீங்க. இங்க நாலு ஓடுது. அப்புறம் கடன் எதுக்கு?"

"இது என்னுது இல்ல சார். நீங்க வர்றீங்கன்னு இரவல் வாங்கிப் போட்டேன்."

"என்னை ஏமாத்தவா?"

"பாக்க நல்லா இருக்கணும்னு சார்."

"அந்த ஒத்த மெஷின் மட்டும் இருந்திருந்தா இங்கயே எழுதிக் குடுத்திருப்பேன். தேவை இருக்கான்னு பாக்கத்தானே வர்றோம்? சரி, இரவல்னா யாருது? சொல்லுங்க, விசாரிச்சுக்கிறேன்."

காஜாக்கா வாயைத் திறக்கவில்லை. நல்லது செய்யப்போன மனுஷி, தன்னால் அவளுக்கு ஒரு விசாரணை வரக்கூடாது. ஆபீசர் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, பொய்த் தகவல் என்று மனுவின் குறுக்கே எழுதினார். இனி இந்தக் கிளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

ஒரு பாட்டம் அழுதுவிட்டு, இரவல் பொருளைத் திருப்பித் தர வேண்டுமே என்று எழுந்தாள். கணவன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக முதல் மெஷினைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் வீட்டுக்குப் போனார்கள். அங்கே கூட்டிப் பெருக்கிய வெற்று அறை. நடுவில் நாற்காலி, பக்கத்தில் பாதி குடித்த டீ. நாத்தனார் ஒரு காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கடன் போச்சு அண்ணி. ஆனா உங்க பேர மட்டும் நான் சொல்லவே இல்ல."

"தெரியுமே. அந்த ஆபீசர் அங்கேருந்து நேரா இங்கதான் வந்தாரு. சொல்லியிருந்தா எனக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பாரா? புதுசா தொழில் தொடங்கன்னு போன மாசமே மனு குடுத்துட்டேன். காலி ரூம பாத்ததும் பாவம்னு எழுதிட்டாரு. ஆஸ்பத்திரில அந்த மேட்ரன்கிட்டயும் பேசியாச்சு. நீ வெளிய எதுக்கு அலையணும், இங்கயே வந்து தையி."

காஜாக்கா கணவனைப் பார்த்தாள். அவன் மெஷினின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாசல்லயே நிக்காதீங்க," என்றாள் நாத்தனார். "பின்னாடி ரூம்ல வச்சு கோணியப் போட்டு மூடுங்க. மத்த ரெண்டையும் இருட்டினப்புறம் கொண்டு வாங்க, யாரும் பாத்துடப் போறாங்க."