மேஸ்திரி நடந்து காட்டிய என் நடை

பிள்ளைகளா, செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடக்காதீர்கள் என்று நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன்! "அப்பாவுக்கு வேற வேலை இல்லை" என்று நீங்கள் முணுமுணுப்பதும் என் காதில் விழுந்துதான் இருக்கிறது. நான் அப்படிக் கத்துவதற்குக் காரணம் ஒரு ஆள். நான் எட்டாவதோடு நின்றவன். இதில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நான் பதிலி ஆளாக இருந்தேன். நிரந்தர வேலைக்காரர் யாராவது வராத அன்றைக்கு மட்டும்தான் பதிலிக்கு வேலை. ஷிப்டுக்கு அரைமணி முன்னால் கேட்டுக்குள் வரிசையாக நிற்போம். ஆள் எடுக்க மேஸ்திரி வருவான். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்டிலிருந்து உள்ளே இருக்கிற வேப்பமரம் வரை ஒவ்வொருவரையும் நடக்கச் சொல்லிப் பார்ப்பான். "எட்டு மணி நேரம் மிஷினுக்கு நடுவுல நடக்கப் போறவன். காலைப் பார்க்காம வேற எதைப் பார்க்க?" என்பான். சந்தையில் மாட்டை ஓட்டிப் பார்ப்பார்களே, அப்படித்தான் இருக்கும்.

நான் அப்போது கோணலாக நடப்பேன். நூல் சுற்றிய பாபின் கட்டைகள் இருக்கிற கூடையை எந்நேரமும் வலது இடுப்பிலேயே தூக்கித் தூக்கி, உடம்பு இடது பக்கம் சாய்ந்துபோயிருந்தது. இடது பாதம் வெளிவிளிம்பில் அழுந்தும், வலது கால் இழுபடும். எனக்கு அது தெரியவே தெரியாது. தன் நடையை எவன் பார்த்திருக்கிறான்?

ஒரு நாள் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டான். "ஏலே, நில்லு. நொண்டி ஆடு மாதிரி வாரே. நீ கறிக்கடை வாசல்ல போய் நில்லு, சீக்கிரம் எடுத்துக்குவாங்க." அதோடு விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பை ஒடித்து, காலை இழுத்து இழுத்து, வேப்பமரம் வரை என்னை மாதிரியே நடந்து காட்டினான். வரிசையே சிரித்தது. என் பக்கத்தில் நின்ற சோழபுரத்துக்காரன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அன்றைக்கு மட்டுமில்லை, அந்த மாதம் முழுக்க எனக்கு வேலை இல்லை. தினமும் போவேன், அவன் நடந்து காட்டுவான், நான் திரும்பி வருவேன். வீட்டில் மூத்தவன் கைக்குழந்தை.

புரட்டாசி பிறந்தது. நம் பக்கத்து ஜனங்கள் சனிக்கிழமை சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே இருக்கிற மலைக்கோயிலுக்கு நடந்து போவார்கள் அல்லவா, நானும் நேர்ந்துகொண்டேன். மற்றவர்கள் பிள்ளை வரம், கல்யாணம், மழை என்று வேண்டுவார்கள். நான் வேண்டியது, மேஸ்திரி கால் ஒடிய வேண்டும் என்று. புரட்டாசிச் சனி ஒன்று விடாமல், செருப்பில்லாமல், ராஜபாளையத்திலிருந்து தார் ரோட்டிலேயே நடப்பதாக வேண்டுதல். அதுவும் சாதாரண நடை இல்லை. ஒவ்வொரு எட்டுக்கும் அவன் முகத்தை ரோட்டில் வைத்து, குதிகாலை ஓங்கி மிதித்தேன். பக்கத்தில் கோவிந்தா போட்டுக்கொண்டு வந்தவர்கள் எனக்கு எம்புட்டு பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

மூன்றாவது சனி முடிந்த மறுநாள் காலை, பாயை விட்டு எழுந்து ஒரு எட்டு வைத்தேன். குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டே வாரத்தில் முட்டியும் இடுப்பும் சேர்ந்துகொண்டன. உங்கள் அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

"அந்த ஆளு கால் ஒடியணும்னு தானே வேண்டுனிய?"

"ஆமா."

"சாமிக்கு ஆளு மாறிப் போச்சா, இல்ல நீங்க விலாசம் சரியாச் சொல்லலையா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் போனால் பதிலி வேலையும் போச்சு. அது மேஸ்திரிக்கு எம்புட்டு சந்தோஷம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா வராந்தாவில் என்னை நடக்கச் சொன்னார்கள். மறுபடியும் நடையா என்று எனக்குக் கூசியது. போய்த் திரும்பினேன்.

"யார் மேலய்யா கோவம்? தரை என்ன பண்ணுச்சு?" என்றார்கள்.

அப்புறம் சொன்னது இதுதான், கவனமாகப் படியுங்கள். குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் பாதத்துக்கு அடியில் ஒரு நார் இழுத்துக் கட்டினாற்போல் இருக்கிறது. வெறுங்காலால் தார் ரோட்டை ஓங்கி மிதித்தால் அது புண்ணாகும். பாதம் ஒரு பக்கம் சாய்ந்தால் முட்டி அந்தப் பக்கம் திருகும், முட்டி திருகினால் இடுப்பு, பிறகு முதுகு. குதிகாலை மெதுவாக வைத்து, பாதத்தை உருட்டி, பெருவிரலால் உந்தி எடுக்க வேண்டும். எட்டைச் சின்னதாக வை. கூடையை இரண்டு இடுப்புக்கும் மாற்று. மெத்தென்ற செருப்பு போடு. காலையில் சுவரில் கை ஊன்றி, கெண்டைக்கால் இழுபட நில். "கோவத்தைக் குறை" என்றும் சொன்னார்கள். அதை மட்டும் நான் வாங்கிக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்தேன். அவன் காலை ஒடிக்க என்னால் ஆகாது. என் நடையை அவன் கையிலிருந்து பிடுங்குவேன்.

உங்கள் அம்மா வாசல் தெளித்து முடித்ததும் ஈர மண்ணில் நடப்பேன். பின்னால் நின்று பார்ப்பாள். "சாயுதிய... இப்பவும் சாயுதிய... ஆங், இது மனுஷன் நடை." மண்ணில் இடது தடம் வெளிப்பக்கம் ஆழமாக விழும். அது இரண்டு பக்கமும் ஒரே ஆழத்துக்கு வர, பங்குனி ஆகிவிட்டது. அதுவரை மம்சாபுரத்தில் உட்கார்ந்து செய்கிற கூலி வேலையாகப் பார்த்துப் பிழைத்தேன்.

மறுபடி மில் கேட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் மேஸ்திரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "வந்துட்டான்யா நம்ம ஆடு! நட." நான் நடக்க ஆரம்பித்ததும், என்னைப் பார்க்காமலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னாலேயே இடுப்பை ஒடித்துக் காலை இழுத்து வந்தான். நான் நிதானமாக, நேராக, வேப்பமரம் வரை போய்த் திரும்பினேன். வரிசை என் காலையும் அவன் காலையும் மாறி மாறிப் பார்த்தது. அந்தச் சோழபுரத்துக்காரன்தான் கேட்டான், "என்ன மேஸ்திரி, கால்ல சுளுக்கா?"

அப்போது சிரித்தார்கள் பாருங்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சாப்பிடுகிறேன்.

அன்றைக்கு நிரந்தர ஆட்களில் நாலு பேர் வரவில்லை. அவனால் என்னைத் தள்ள முடியவில்லை. மறு வருஷம் நிரந்தரமும் ஆனேன்.

தொண்ணூறுகளில் அவன் வேலையை விட்டு நின்ற பிறகு, ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டான். முப்பது வருஷம் சிமெண்ட் தரையில் நின்ற கால். "காலையில எந்திரிச்சா குதிகால் உயிர் போகுதுப்பா. ஒனக்கும் இருந்துச்சாமே, நீ என்ன பண்ணுன?" என்றான். அந்தக் குரலில் கேலி இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

மேலே உங்களுக்கு எழுதியதைச் சொல்ல செத்த நேரம் போதும். "ஒண்ணும் பண்ணலை அண்ணாச்சி, தானாப் போயிருச்சு" என்றேன்.

அவன் பாதத்தின் விளிம்பில் மிதித்து மிதித்து பஸ்ஸை நோக்கிப் போனான். படியில் ஏற எம்புட்டு நேரமாகிறது என்று நின்று பார்த்தேன். மன்னித்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் எழுத எனக்கு மனசு வரவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.