மாத்திரைக்கு ஈப்போ நேரம், கூழுக்கு நாகலூர் நேரம்

"கார்த்திகை முதல் வாரம், புதன். ஏற்காடு பஸ். நான்கு பேர் என் வயிற்றை விசாரித்தார்கள்." என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் எழுதி வைத்திருக்கிறேன். மலேசியாவில், ஈப்போவிலும் கிள்ளானிலும் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏற்காட்டு மலையில் இருக்கும் எங்கள் நாகலூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், அதுவரை நான் பார்த்தே இராத ஒரு பெண்மணி முன் இருக்கையிலிருந்து திரும்பி, "ஏனுங்க, வவுறு இப்பத் தேவலைங்களா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். ஈப்போவில் அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடும். இங்கே பின்னாலிருந்து ஒரு குரல், "பரவால்லைன்னா என்னங்க அர்த்தம்? நின்னுருச்சுங்களா, இன்னும் போயிக்கிட்டே இருக்குதுங்களா?" என்றது. பஸ் முழுவதும் பதிலுக்குக் காத்திருந்தது. "அந்தக்காவுக்கு ஜன்னலோரம் உடுங்கப்பா, வளைவு வருது. பஸ்ஸக் கழுவுறது நானு" என்றார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தார்கள். இடுப்பில் கையை அழுத்திக்கொண்டு நானும் சிரித்தேன்.

ஈப்போவில் என்னோடு ஒரே அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்த சீனத் தோழிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்ததே, அவள் வேலையை விட்டுப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். கிளினிக்கில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாகச் சின்ன பிளாஸ்டிக் பையில் மாத்திரை வரும். நோய் என்பது பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகும் சொந்த விஷயம். நாகலூரில் அது ஊர்ச் சொத்து. இங்கே வந்த புதிதில் இந்தக் கேள்விகளுக்குக் கூசிப்போவேன். இப்போது யாராவது விசாரிக்கவில்லை என்றால் அவர்களுக்கு என்மேல் கோபமோ என்று யோசிக்கிறேன்.

விஷயம் ஐப்பசியில், நான் ஈப்போவுக்கு ஒரு நடை போய்த் திரும்பிய மறு மாதம், தொடங்கியது. வலது முழங்கால் வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. வயதாவதால் வரும் மூட்டுவலி என்று நானே முடிவு கட்டி, தைலம் தேய்த்து, இரண்டு நாளை வீணாக்கினேன். என் கணவர் ஜெயராஜ் காரை எடுத்தார். அவர் நாகலூரில் பிறந்தவர். ஈப்போவில் வாகனப் பட்டறை வேலைக்கு வந்த இடத்தில் என்னைக் கட்டிக்கொண்டு, ஓய்வு பெற்றதும் அப்பாவின் காப்பித் தோட்டத்துக்கு என்னையும் அழைத்து வந்துவிட்டவர். சேலத்து ஆஸ்பத்திரியில் முட்டியிலிருந்து ஊசியால் நீரை எடுத்துச் சோதித்தார்கள். கிருமியால் வந்த மூட்டு அழற்சி. சில நாள் படுக்கவைத்து ஊசி போட்ட பின், "பொங்கல் வரைக்கும் இந்த ஆன்டிபயாட்டிக்கைச் சாப்பிடணும். நடுவுல நிறுத்தினா கிருமி மூட்டை அரிச்சிரும்" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

ஈப்போவில் இருக்கும் என் அக்கா வேறு மாதிரி சொன்னாள். "கிறிஸ்மஸ்குள்ள நீ ஒழுங்கா நடக்கல, நான் டிக்கெட் போட்டு வந்து உன்னைத் தூக்கிட்டு வந்துருவேன்லா. கீழ்மாடி ரூமைத் துடைச்சு வச்சாச்சு." அக்கா வெறும் பேச்சுக்காரி இல்லை. அவள் கூட்டிப்போனால் திரும்ப அனுப்பமாட்டாள் என்பது எனக்கும் தெரியும், ஜெயராஜுக்கும் தெரியும். அவராலோ பழம் எடுக்கும் பருவத்தில் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வர முடியாது. ஆக இந்த மலையில் நான் இருப்பதா இல்லையா என்பது அந்த மாத்திரையின் கையில் இருந்தது.

அந்த மாத்திரையோ என் வயிற்றோடு சண்டைக்கு நின்றது. விழுங்கிய அரை மணியில் குமட்டல், நெஞ்சுக்குக் கீழே மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல், பிறகு கழிவறைக்கு ஓட்டம். முட்டி மடங்காத ஒருத்தி ஓட வேண்டியிருப்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காப்பிப் பழத்தோல் புளிக்கும் வாசனை கார்த்திகையில் மலை முழுக்க இருக்கும். போன வருடம் அதை ஆசையாக இழுத்து இழுத்து மோந்தவள், இந்த வருடம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். சுற்றிலும் காப்பி விளைய, ஒரு வாய் காப்பி இறங்கவில்லை.

அப்போதுதான் பொன்னம்மாள் சொம்போடு வந்தாள். பக்கத்துக் காட்டுக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் கேழ்வரகும் சாமையும் போடுகிறவர்கள். சொம்பில் கேழ்வரகுக் கூழ், கெட்டி மோர் விட்டுக் கரைத்தது. வேண்டாம் என்றேன். இங்கே முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்வது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது 'வேண்டாம்' சொல்வதற்குள் டம்ளர் நிறைந்துவிட்டது.

"மாத்தரையத் தனியா முழுங்குனா வவுறு எரியாம என்னக்கா பண்ணும்? கூழோட சேத்து உள்ள தள்ளுங்க. மலேசியா வவுறுன்னாலும் கூழுக்குக் கட்டுப்பட்டுத்தானுங்க ஆகோணும்."

கட்டுப்பட்டது! அன்று குமட்டவில்லை. மறுநாள் எரிச்சல் இல்லை. அந்த வார முடிவில் ஓட்டமும் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் கூழின் பெருமையை மூன்று பகுதிகளாக எழுதினேன். கிள்ளானில் ஒருத்தி கேழ்வரகு மாவு வாங்கிக் கிண்டி, கட்டி கட்டியாக வந்த படத்தைப் போட்டு, 'இதைத் தின்றால் முட்டி சரியாகுமா, பல் போகுமா?' என்று கேட்டாள். பஸ்ஸில் விசாரித்தவர்களுக்கெல்லாம் நானே எழுந்து நின்று பதில் சொன்னேன்.

மார்கழியில் முழங்கால் மறுபடி வீங்கியது.

சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். வயிறு பூப்போல இருக்க, கால் மட்டும் கனத்தது. வீடியோவில் என் முகத்தைப் பார்த்ததும் அக்கா 'இரு' என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள். சற்று நேரத்தில் விமான டிக்கெட்டின் படம் வந்தது. இரண்டு டிக்கெட், அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஜெயராஜ் அதைப் பார்த்துவிட்டு, "போறதுன்னா போயிட்டு வாம்மா" என்று சொல்லி வெளியே போனார். அந்த 'வா'வை அவர் நம்பிச் சொல்லவில்லை.

சேலத்தில் டாக்டரம்மா முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார். "மாத்திரையை விடாமச் சாப்பிடறீங்களா?"

"ஒரு வேளைகூட விடவில்லை."

"எதோட சாப்பிடறீங்க?"

நான் பெருமையாக விவரித்தேன். கேழ்வரகு, மோர், சின்ன வெங்காயம் எல்லாம். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏங்க, கூழுலயே கலந்து மாத்திரையையும் முழுங்குனீங்களா?"

"ஆமாம். வயிறு அருமையாக இருக்கிறது."

"இருக்குமுங்க. மருந்து உடம்புல சேர்ந்தாத்தானே?" சிரித்துவிட்டு விளக்கினார். இந்த வகை ஆன்டிபயாட்டிக்குக்குக் கால்சியம் ஆகாது. பாலிலும் மோரிலும் கேழ்வரகிலும் இருக்கும் கால்சியம் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. வெறும் வயிற்றில் போட்டால் இந்த வயிறு தாங்காது. ஆகவே பாலும் கேழ்வரகும் இல்லாத லேசான ஆகாரத்தோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் விட்டு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது. கூழுக்கும் அதற்கும் இரண்டு, இரண்டரை மணி நேரம் இடைவெளி வேண்டும். மாத்திரைக் கணக்கும் முதலிலிருந்து. பொங்கல் போய், தை முடிய.

இரண்டரை மணி நேரம்! மலையேறும்போது கொண்டை ஊசி வளைவில் கைப்பேசியைப் பார்த்தவள் கத்தியே விட்டேன். ஜெயராஜ் பிரேக் போட்டார். என் கைப்பேசியின் முகப்பில், இங்கே வந்த நாள் முதல், இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஈப்போ நாகலூருக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அக்கா பசியாறும் எட்டரை மணிக்கு இங்கே விடியற்காலை ஆறு. நாகலூர் எட்டரைக்குப் பொன்னம்மாள் சொம்போடு வருவாள். நான் விட்டு வந்த நாட்டுக்கும் வாழ வந்த நாட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ, அவ்வளவு இடைவெளிதான் என் வயிற்றுக்கும் தேவைப்பட்டது.

அன்றே அக்காவோடு ஒப்பந்தம் போட்டேன். டிக்கெட்டைத் தை முடிய ஒத்திவை, மாத்திரையை உன் கண்ணெதிரில் விழுங்குகிறேன். மறுநாள் ஆறு மணிக்கு வெளியே பனிமூட்டம். ஜெயராஜ் வைத்த சாமைக் கஞ்சி, உப்பு மட்டும் போட்டது. கைப்பேசியைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்தேன். அங்கே வெயிலில் அக்கா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"பசியாறிட்டியா?"

"இதோ."

"முழுங்கிட்டியா? நாக்கைக் காட்டு."

ஐம்பது வயதில் நாக்கைக் காட்டினேன். எட்டரைக்குப் பொன்னம்மாள் வந்தாள். முந்தின நாள் அவளிடம் விஷயத்தைச் சொன்னபோது முகம் சுருங்கி, "அப்ப எங்கூழு ஆகாதுங்களா?" என்று கேட்டிருந்தாள். ஆகும், மாத்திரைக்குப் பின்னால் வர வேண்டும், அவ்வளவுதான் என்றேன். "மாத்தரைக்கு இவ்வளவு வீராப்பா! சரி, பெரிய மனுசன் மொதல்ல போவட்டுமுங்க." அதிலிருந்து தினமும் வாசலில் நின்று, "பெரிய மனுசன் போயாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சொம்பைத் திறந்தாள். குமட்டல் சில நாள் எட்டிப் பார்த்தது. இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, தாழ்வாரத்தில் நேராக உட்கார்ந்து, பழம் பறிக்கப் போகிறவர்களை வேடிக்கை பார்த்தேன். ஒரு மாத்திரையும் வெளியே வரவில்லை. பொங்கலன்று முட்டிச் சிப்பி மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது.

தை முடிந்தது. சேலத்தில் ரத்தச் சோதனை நன்றாக வந்தது. மாத்திரையை நிறுத்தலாம் என்றார்கள். அக்கா இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டு, அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். மறுநாள் பொன்னம்மாள் என்னைச் சேர்வராயன் குகைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள். என் முட்டிக்காக வேண்டியிருந்தாளாம். குகைக்குள் குனிந்து, கால் மடக்கித்தான் நுழைய வேண்டும். மடக்கினேன். வலிக்கவில்லை! இருட்டில் நான் சிரித்த சத்தம் பூசாரியைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

வெளியே மொட்டை மலையில் காற்று அடித்தது. சிக்னல் நன்றாக இருந்ததால் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் பொன்னம்மாளுக்கு நன்றி சொல்லத்தான் ஆரம்பித்தாள். "எல்லாம் சரிதான்மா, ஆனா அந்தக் கிருமி உங்க மலைத் தண்ணியிலதான் பிடிச்சிருக்கும்" என்று முடித்தாள்.

"எங்கூட்டுத் தண்ணியக் குடிச்சிட்டு நாங்கல்லாம் கல்லாட்ட நிக்கறமுங்களே! புரட்டாசியில இந்தக்கா உங்கூருக்கு வந்துட்டுத்தானுங்க திரும்புனாங்க? அது ஏரோப்ளேன்ல வந்ததுங்க."

"இங்க எல்லாம் நொம்ப சுத்தம்மா!" அக்காவுக்கு நாகலூர்க்காரர்களின் அந்த 'நொம்ப' எப்போது ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை.

இருவர் குரலும் ஏற, நான் கைப்பேசியை நடுவில் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மாவிடம் இதை நான் கேட்டிருக்கிறேன். சொல்ல முடியாது என்றார். அந்தக் கிருமியை இரண்டு ஊரும் மற்ற ஊருக்கே தள்ளிவிடுகின்றன. என்னை மட்டும் இரண்டுமே விட மறுக்கின்றன. கிருமி ஈப்போவில் ஏறியதா, நாகலூரில் ஏறியதா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.